பாலோடு விழுங்கிய ஆன்டிபயாடிக்

மும்பை சயான் கோலிவாடாவில் வசிக்கும் வாசகி ஒருவர் தன் மாமியாரைப் பற்றி எழுதியிருக்கிறார். மாமியாருக்கு 64 வயது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகன் வீட்டோடு வந்து சேர்ந்தவர். தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. பல வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறார். பிரஷருக்கு டெல்மிசார்டன், எலும்புத் தேய்மானத்துக்கு கால்சியம். போன திங்கள்கிழமை நீர்க்கடுப்போடு குளிர்காய்ச்சலும் வலது விலாவுக்குக் கீழே வலியும் வந்திருக்கிறது. பக்கத்து மருத்துவர் சிறுநீரை கல்ச்சருக்கு (எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு) அனுப்பிவிட்டு, சிப்ரோஃப்ளாக்சசின் 500 மில்லிகிராம் மாத்திரையைக் காலை ஒன்று இரவு ஒன்றாக 7 நாளைக்கு எழுதித் தந்திருக்கிறார். கூடவே ஜிங்க் சேர்ந்த பி-காம்ப்ளெக்ஸ், வயிற்றெரிச்சலுக்கு ஜெல்.

மாத்திரை வாங்க மெடிக்கலுக்குப் போனவர் மாமியார்தான். கடைக்காரர் 'தூத் கே ஸாத் மத் லேனா' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பாலோடு சாப்பிடாதீர்கள் என்று பொருள். மாமியார் காதில் தங்கியது 'தூத்' என்ற ஒரு சொல்தான். அதற்குப் பிறகு வேளை தவறாமல் ஒரு டம்ளர் பாலில்தான் மாத்திரை இறங்கியிருக்கிறது. வியாழக்கிழமை காய்ச்சல் விட்டது. மறுநாள் ஆடி வெள்ளி விரதம். வெறும் வயிற்றில் ஆன்டிபயாடிக் ஆகாது என்று காலை மாத்திரையை விட்டுவிட்டு, இரவில் இரண்டாகச் சேர்த்துப் போட்டிருக்கிறார். சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல விழுங்கிவிட்டார். அன்று நள்ளிரவில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்திருக்கிறது. 'மாத்திரைச் சூடு' என்று மோர் குடித்துப் படுத்துவிட்டார். சனிக்கிழமை காலை எழுந்தால் இடது குதிகாலுக்கு மேலே வலி, லேசான வீக்கம். தைலம் போட்டு நீவிக்கொண்டிருக்கிறார்.

வாசகியின் கேள்விகள்: மாத்திரையை நிறுத்தலாமா? கோர்ஸை முடிக்காவிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்கிறாரே கணவர்? கல்ச்சர் ரிப்போர்ட்டில் நைட்ரோஃபுரான்டாயின் என்ற மருந்துக்கு நேரே 'எஸ்' என்று இருக்கிறது, அதை நாங்களே வாங்கிக் கொடுக்கலாமா? மீதி மாத்திரையை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாமா? கடைசியாக ஒன்று: மகனுக்குத் தொண்டை வலி, மூன்று வாரம் முன்பு கலக்கிய ஆன்டிபயாடிக் சிரப் ஃப்ரிட்ஜில் பாதி இருக்கிறது, கொடுக்கலாமா?

இந்தக் கடிதத்தில் தள்ளிப்போட முடியாத இரண்டு விஷயங்கள் இருந்ததால் அந்தப் பகுதிக்கான பதில் வாசகிக்கு அன்றே தனியாக அனுப்பப்பட்டது. மற்ற வீடுகளுக்கும் பயன்படும் என்பதால் முழுப் பதிலும் இங்கே.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அத்தையின் மருந்து நேரங்களை இவ்வளவு நுணுக்கமாகக் குறித்து அனுப்பியது பெரிய உதவி. நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் குதிகால் வலியைத்தான் நான் முதலில் எடுக்கிறேன்.

இன்றே செய்ய வேண்டியவை

குதிகாலுக்கு மேலே, பின்பக்கத்தில், கயிறு போல ஒன்று கையில் தட்டுப்படும். அது கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாண். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்து மருந்துகள் அந்த நாணைப் புண்ணாக்கலாம். சிலருக்கு அது அறுந்துபோவதும் உண்டு. எல்லோருக்கும் நடப்பதில்லை. ஆனால் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ஆபத்து அதிகம். மருந்து தொடங்கிய ஓரிரு நாளிலேயே வரலாம். நிறுத்திச் சில மாதம் கழித்து வந்தவர்களும் இருக்கிறார்கள்.

அதனால் அடுத்த வேளை சிப்ரோவைக் கொடுக்காதீர்கள். எழுதித் தந்த மருத்துவரை இன்றே பாருங்கள். 'மாத்திரை தொடங்கின ஆறாம் நாள் குதிகாலுக்கு மேலே வலியும் வீக்கமும் வந்திருக்கிறது, வேறு ஆன்டிபயாடிக் மாற்றித் தருவீர்களா' என்று நேரடியாகக் கேளுங்கள். அவர் கிடைக்காவிட்டால் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் சயான் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சிறுநீரகம் வரை ஏறிய தொற்றைப் பாதியில் மருந்தில்லாமல் விட்டுவைக்கவும் கூடாது. நிறுத்துவதும் மாற்றுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டும். அதுவரை அத்தை மாடிப்படி ஏற வேண்டாம். தைலம் போட்டு நீவுவதை விட்டுவிடுங்கள்; புண்ணான நாணை அழுத்தித் தேய்த்தால் கெடுதல் கூடும். எழுந்து நடப்பதைக் குறைத்து, காலைத் தலையணை மேல் வைத்திருந்தால் போதும். 'பட்' என்று அறுந்தது போல உணர்ந்தாலோ, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனாலோ உடனே எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாவது, அந்த நள்ளிரவு வியர்வை. அது சூடு இல்லை, சகோதரி. கேட்கும்போதே ரத்தச் சர்க்கரை இறங்கிய அடையாளமாகத்தான் தெரிகிறது. கிளிமெபிரைடு என்பது கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவைக்கும் மாத்திரை. சாப்பாடு இல்லாத நாளிலும் அது தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். சிப்ரோ குடும்பம் அதோடு சேரும்போது சர்க்கரை இன்னும் கீழே இறங்கக்கூடும், வயதானவர்களுக்குக் குறிப்பாக. பகல் முழுக்க விரதம், காலையில் கிளிமெபிரைடு, இரவில் இரண்டு சிப்ரோ. மூன்றும் ஒரே நாளில் கூடிவிட்டன.

குளுக்கோமீட்டர் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றும் நாளையும் ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்பும், படுக்கும்போதும், பின்னிரவு 3 மணிக்கு ஒரு தடவையும் பாருங்கள். 70-க்குக் கீழே காட்டினால் அரை டம்ளர் தண்ணீரில் 3 டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு தடவை. ஏறியதும் இரண்டு இட்லியோ ரொட்டியோ சாப்பிட வையுங்கள். ஒரு தடவை இறங்கியது கிளிமெபிரைடால் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம், அதனால் ஏறிவிட்டது என்று தூங்கிவிடாதீர்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். தொற்று தீரும்வரை கிளிமெபிரைடின் அளவைக் குறைக்க வேண்டுமா என்பதையும் அதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

பால் என்ன செய்தது

பாலில் இருக்கும் கால்சியம் சிப்ரோவைக் குடலிலேயே பிடித்துக் கட்டிக்கொள்ளும். கட்டுப்பட்ட மருந்து குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குப் போகாது, மலத்தோடு வெளியேறிவிடும். பாலோ தயிரோ சேர்ந்தால் உடம்புக்குள் போக வேண்டிய மருந்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி வீணாகிறது. ஜெல்லில் இருக்கும் அலுமினியமும் மெக்னீசியமும் இதைவிட மோசம், மருந்தின் பெரும்பகுதியை அவை கட்டிப்போட்டுவிடும். பி-காம்ப்ளெக்ஸில் சேர்ந்திருக்கும் ஜிங்க், ரத்தசோகைக்குத் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை எல்லாமே இதே வேலையைத்தான் செய்கின்றன.

உங்கள் அத்தை காலை 8 மணிக்கு ஒரு கையில் சிப்ரோ, கால்சியம், சத்து மாத்திரை மூன்றையும் வைத்து, ஒரு டம்ளர் பாலில் விழுங்கி, நெஞ்சு எரிகிறது என்று பத்து நிமிடத்தில் ஜெல் குடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வேளை மருந்தில் எவ்வளவு ரத்தத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்தாலே கவலையாக இருக்கிறது. அப்படியும் காய்ச்சல் விட்டது, அவருடைய கிருமி இந்த மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் கிருமி என்பதால்தான். கொஞ்சம் முரண்டு பிடிக்கும் கிருமியாக இருந்திருந்தால், நாலாம் நாளும் காய்ச்சல் அடித்து, 'இந்த மாத்திரை கேட்கவில்லை' என்று இன்னும் கடுமையான மருந்துக்கோ ஊசிக்கோ போயிருப்பார்கள். 'மருந்து கேட்கவில்லை' என்று மாற்றப்படும்போது, அதை எதோடு விழுங்கினார் என்று முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

அத்தைக்கு இனி இந்தக் குடும்பத்து மருந்து வேண்டாம். ஆனால் வேறு வீடுகளில் இதே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக நேரக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கால்சியம், இரும்பு, ஜிங்க், ஜெல் ஆகியவற்றுக்கு 2 மணி நேரம் முன்பாக சிப்ரோ போட வேண்டும். இல்லையென்றால் அவை சாப்பிட்டு 6 மணி நேரம் கழித்துப் போட வேண்டும். காலை 7, மாலை 7 என்று சிப்ரோவை வைத்துக்கொண்டால், கால்சியத்துக்கும் மற்றவற்றுக்கும் பகலில் பொருந்தி வரும் நேரம் காலை 9 மணியிலிருந்து 1 மணிக்குள். 1 மணிக்குள் மதியச் சாப்பாட்டோடு அதை முடித்துவிடலாம்; தயிர்சாதமும் அப்போதே. மாத்திரைக்கு ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீர், நாள் முழுக்கவும் தாராளமாகத் தண்ணீர். இட்லி, சோறு, சப்பாத்தியோடு சாப்பிட்டால் குற்றமில்லை. வெறும் பாலோடும் தயிரோடும்தான் கூடாது. ஏழு நாளைக்கு கால்சியத்தையும் சத்து மாத்திரையையும் அடியோடு நிறுத்தி வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது இன்னும் சுலபம். ஒரு வாரத்தில் எலும்பு ஒன்றும் கரைந்துவிடாது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் கட்டாயம் பி-காம்ப்ளெக்ஸ் வேண்டும் என்பது பழகிப்போன வழக்கம்தான். நன்றாகச் சாப்பிடும் ஒருவருக்குச் சில நாள் கோர்ஸில் அதற்குத் தேவை இருப்பதில்லை.

காபியையும் சொல்ல வேண்டும். இரவெல்லாம் தூக்கமில்லை, நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று முதல் மூன்று நாளும் அத்தை சொன்னதாகவும், அவர் நாளுக்கு நாலு டம்ளர் ஃபில்டர் காபி குடிப்பவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். காபியில் இருக்கும் கஃபீனை ஈரல் உடைத்து வெளியேற்றும் வழியை சிப்ரோ அடைத்துவிடும். அப்போது நாலு டம்ளர் காபி குடித்தவர் உடம்பில் ஏழெட்டு டம்ளர் குடித்தது போல கஃபீன் தேங்கும். இதுவும் 'மாத்திரைச் சூடு' என்ற கணக்கிலேயே சேர்ந்துவிட்டது. சிப்ரோ சாப்பிடும் நாட்களில் காலையில் அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதே வழியில் உடைக்கப்படும் இரண்டு மருந்துகளை மறக்கக் கூடாது: முதுகுப் பிடிப்புக்குத் தரும் டைசானிடினை சிப்ரோவோடு சேர்த்துச் சாப்பிடவே கூடாது, பிரஷர் சட்டென்று இறங்கி மயக்கம் வரும். மூச்சிரைப்புக்குத் தரும் தியோஃபிலின் சேர்ந்தாலும் ஆபத்து.

கோர்ஸ் முடிக்காவிட்டால்…

உங்கள் கணவர் சொல்வது மருத்துவத் துறையில் இருக்கும் நாங்களே பல வருடமாகச் சொல்லிக்கொடுத்ததுதான். பாதி உண்மை. மருந்து நீளமாகப் போகப் போகக் கிருமி பழகாமல் இருக்கும் என்பது சரியில்லை. தேவைக்கு மேல் சாப்பிடும் ஒவ்வொரு நாளும் குடலிலும் தோலிலும் இருக்கும் மற்றக் கிருமிகளுக்கு அந்த மருந்தை எதிர்க்கப் பழக்கம் கொடுக்கிறது. அதனால்தான் இப்போது பல நோய்களுக்கு நாட்களைச் சுருக்கியிருக்கிறார்கள். சாதாரண நிமோனியா நன்றாகக் குணமாகிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் 5 நாள் போதும். சிறுநீர்ப்பையோடு நின்றுவிட்ட நீர்க்கடுப்புக்கு, மருந்தைப் பொறுத்து 3 முதல் 5 நாள்.

அதற்காகக் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடலாம் என்று ஆகிவிடாது. காய்ச்சலும் விலா வலியும் வந்திருந்தால் கிருமி சிறுநீரகம் வரை போயிருக்கிறது. அதற்கு 7 நாள் என்பது அளந்து வைத்த நாள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண்ணுக்கு அமாக்சிசிலின் 10 நாள் கொடுப்பது, தொண்டை வலி போன பிறகும் இதய வால்வைத் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வராமல் இருக்க. காசநோய் மருந்தோ மாதக்கணக்கு. அதில் ஒரு நாள்கூட நம் இஷ்டத்துக்கு விடக்கூடாது. ஆக, நாளைக் கூட்டுவதும் குறைப்பதும் நோயைப் பொறுத்தது. சீக்கிரம் குணமாகிவிட்டால் 'இன்னும் எத்தனை நாள் தேவை' என்று ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்கள். அப்படிக் கேட்பது தவறே இல்லை.

இதில் ஒரு சின்னக் கணக்குப் பிசகும் வழக்கமாக நடக்கிறது. திங்கள் மாலை தொடங்கிய 7 நாள் கோர்ஸ் ஞாயிறு இரவோடு முடியாது. 14-ஆவது மாத்திரை அடுத்த திங்கள் காலையில்தான் வரும். நாளை எண்ணாமல் மாத்திரையை எண்ணுங்கள்.

வேளை தவறினால்: நாளுக்கு இரண்டு வேளை மருந்தில், அடுத்த வேளைக்கு இன்னும் 6 மணி நேரமாவது இருந்தால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அதற்கும் குறைவாக இருந்தால் விட்டதை விட்டுவிட்டு அடுத்ததை அதன் நேரத்தில் போட வேண்டும். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. விரத நாளில் மாத்திரைக்கும் தண்ணீருக்கும் தடை இல்லை என்று அத்தையிடம் நீங்கள் சொல்வதைவிட, அவர் மதிக்கும் பெரியவர் ஒருவரைச் சொல்ல வைத்தால் கேட்பார். உடம்பு முடியாதவருக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்பது நம் வீடுகளில் எப்போதும் இருந்துவந்த வழக்கம்தான்.

ரிப்போர்ட்டில் 'எஸ்' இருந்தால் வாங்கிவிடலாமா

கூடாது. ஏன் என்று உங்கள் ரிப்போர்ட்டை வைத்தே சொல்கிறேன். ஈ.கோலை என்ற கிருமி, 1,00,000-க்கு மேல் எண்ணிக்கை. 'எஸ்' என்றால் ஆய்வகத் தட்டில் அந்த மருந்து இந்தக் கிருமியை அடக்குகிறது என்று பொருள். 'ஆர்' என்றால் அடக்கவில்லை. அந்த மருந்து தொற்று இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருமா, உங்கள் அத்தையின் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்பதெல்லாம் அந்த ஒற்றை எழுத்தில் இல்லை.

நைட்ரோஃபுரான்டாயின் 'எஸ்'. சிறுநீர்ப்பை நீர்க்கடுப்புக்கு அருமையான மருந்து. ஆனால் அது சிறுநீரில்தான் சேருகிறது; சிறுநீரகத் திசுவுக்குள்ளும் ரத்தத்திலும் போதிய அளவு நிற்பதில்லை. காய்ச்சலும் விலா வலியும் வந்த அத்தைக்கு அதைக் கொடுத்தால் எரிச்சல் அடங்கும், உள்ளே தொற்று இருந்துகொண்டே இருக்கும்.

கோ-ட்ரைமாக்சசோல் 'எஸ்'. இது சிறுநீரகத்துக்குள் போகும். ஆனால் டெல்மிசார்டனோடு சேரும்போது ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குழப்பலாம். கிளிமெபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரை மறுபடி இறங்கலாம். கொடுப்பதாக இருந்தால் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்த பிறகுதான். சல்ஃபா ஒவ்வாமை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

அமிகாசின் 'எஸ்'. அது ஊசி மருந்து. சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடியது. செஃபிக்சிம் 'ஆர்', அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஒரே தாளில் நாலு மருந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிக்கல். எது என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். ஆனால் ரிப்போர்ட் வந்துவிட்டது என்பதை அவரிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள். வியாழக்கிழமை கைக்கு வந்த தாள் இன்னும் வீட்டிலேயே இருக்கிறது. கல்ச்சர் பார்ப்பதே, மருந்து சரிதானா என்று இரண்டு மூன்று நாளில் திரும்பிப் பார்க்கத்தான்.

மீதி மாத்திரை, பழைய சிரப்

மீதியாகும் சிப்ரோவை எடுத்து வைக்க வேண்டாம். அடுத்த நீர்க்கடுப்பு வேறு கிருமியாக இருக்கும், அல்லது இதே கிருமி வேறு குணத்தோடு வரும். நாலு மாத்திரை எந்தத் தொற்றையும் தீர்க்காது. கல்ச்சரில் கிருமி வளராமல் மறைத்துவிட மட்டும் போதும். சிப்ரோ, லெவோஃப்ளாக்சசின் குடும்பத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. காசநோய்க் கிருமியையும் இவை அரைகுறையாக அடக்கும். நீண்ட நாள் இருமலுக்கு வீட்டில் கிடக்கும் இந்த மாத்திரையைப் போட்டால் சளிப் பரிசோதனையில் காசநோய் பிடிபடாமல் தள்ளிப்போகும். காசநோய் இவ்வளவு இருக்கும் மும்பையில் இதை நான் அழுத்திச் சொல்கிறேன். மீதி மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, காபிச் சக்கையோடு பிசைந்து, ஒரு கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

மகனுக்கு அந்த சிரப்பைக் கொடுக்காதீர்கள். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் பொடியில் தண்ணீர் கலந்த நாளிலிருந்து ஃப்ரிட்ஜில் 7 நாள்தான் ஆயுள். பாட்டிலில் அச்சிட்டிருக்கும் காலாவதி தேதி கலக்காத பொடிக்கு உரியது. தண்ணீர் பட்டதும் கிளாவுலனேட் சிதையத் தொடங்கிவிடும். தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, அவற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் பயன்படாது. மூக்கொழுகல், இருமல் இல்லாமல் காய்ச்சலும் கழுத்தில் வலிக்கும் கட்டியும் இருந்தால் மருத்துவர் பார்க்கட்டும்.

இனி எப்போதாவது சிரப் வாங்கினால்: கொதித்து ஆறிய தண்ணீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் கோடு வரை நிரப்பி, மறுபடி குலுக்குங்கள். கலக்கிய தேதியை பாட்டிலில் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். சமையலறை ஸ்பூனால் அளக்க வேண்டாம். கூட வரும் மூடி அல்லது ஊசி இல்லாத சிரிஞ்ச். இதே மருந்து 5 மில்லியில் 228.5 மில்லிகிராம் என்றும் 457 என்றும் இரண்டு வீரியத்தில், பார்க்க ஒரே மாதிரி பாட்டிலில் கிடைக்கிறது. கடையில் மாற்றிக் கொடுத்தால் குழந்தைக்கு மருந்து பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும். சீட்டில் இருக்கும் எண்ணையும் பாட்டிலில் இருக்கும் எண்ணையும் கடையிலேயே ஒத்துப் பாருங்கள்.

வேறு மருந்து வந்தால்

மருத்துவர் எதை மாற்றித் தருவார் என்று தெரியாது, அதனால் அடிக்கடி எழுதப்படும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 625 மாத்திரையைச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு போட்டால் வயிற்றுப் புரட்டல் குறையும். ஈரம் பட்டால் கெடும் என்பதால் வாரப் பெட்டியில் பிரித்துப் போடாமல் அட்டையிலேயே வைத்திருக்க வேண்டும். 625 கிடைக்காமல் 375-ல் இரண்டு போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். கிளாவுலனேட் இரட்டிப்பாகி வயிற்றோட்டம் கூடும். மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவை தரும், அது பயப்பட வேண்டியதில்லை; அந்த நாட்களில் மது மட்டும் கூடாது. நைட்ரோஃபுரான்டாயின் சாப்பிட்டால் சிறுநீர் அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ போகும்.

மழைக்காலத்தில் மும்பையில் தேங்கிய வெள்ளநீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க மருத்துவர் டாக்சிசைக்ளின் எழுதுவது உண்டு. அதை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால், மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். எச்சில் விழுங்கக்கூட வலிக்கும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், பிறகு குறைந்தது அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்கும் பால், கால்சியம், இரும்பு ஆகாது. கர்ப்பிணிகள் தங்கள் நிலையை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எந்த ஆன்டிபயாடிக் ஆனாலும், முகமோ உதடோ வீங்கினாலும், மூச்சு இழுத்தாலும், உடம்பெங்கும் தடிப்பு எழும்பினாலும், வாயில் புண்ணோடு தோலில் கொப்புளம் வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். லேசாக வயிறு இளகுவது சகஜம். தண்ணீராக, நாளுக்குப் பல தடவை, காய்ச்சலோடோ ரத்தத்தோடோ போனால் சகஜமில்லை. மருந்து முடிந்து சில வாரம் கழித்துக்கூட அப்படி வரலாம். அதற்கு வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

மெடிக்கலில் கேட்க வேண்டியவை

அட்டையின் ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து. செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின் போன்ற சிலவற்றுக்கு விதி இன்னும் கடுமை: 2014 மார்ச் முதல், எழுதிய மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். சீட்டைக் காட்டச் சொன்னால் கோபப்படாதீர்கள், அவர் சரியாகத்தான் செய்கிறார். பில் கேட்டு வாங்குங்கள். அட்டையை வெட்டித் தரும்போது காலாவதி தேதி இருக்கும் பக்கம் உங்கள் கைக்கு வர வேண்டும். கம்பெனி மாறியிருந்தால் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் அதேதானா என்று பாருங்கள்.

மொழிக்கு ஒரு வழி செய்யலாம். கடையில் நின்றபடியே உங்களுக்கு ஃபோன் போட்டு, கடைக்காரரைப் பேச வைக்கும்படி அத்தையிடம் சொல்லி வையுங்கள். அவர் இந்தியில் சொல்வதைக் கேட்டு, நீங்கள் அட்டையின் மேல் ஒரு காகிதம் ஒட்டித் தமிழில் எழுதுங்கள்: 'காலை 7, மாலை 7. தண்ணீரில் மட்டும். பால் வேண்டாம்.' எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர் என்றால் சூரியன், நிலா, ஒரு டம்ளர் மேல் குறுக்குக் கோடு. 'கானே கே பாத்' என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு, 'காலி பேட்' என்றால் வெறும் வயிற்றில். இந்த இரண்டையும் 'தூத்' என்பதோடு வரும் 'மத்'தையும் அத்தைக்கு உட்கார்த்திச் சொல்லிக்கொடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது சிப்ரோ அட்டை, கல்ச்சர் ரிப்போர்ட், குளுக்கோமீட்டர், வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகள் இவற்றை ஒரே பையில் எடுத்துப் போங்கள். அங்கேயே அவரிடம் கேட்டு, அத்தையின் கோப்பின் முதல் பக்கத்தில் எழுத வையுங்கள்: 'சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிட்டபோது குதிகால் நாண் வலி, சர்க்கரை இறக்கம். இந்தக் குடும்பத்து மருந்து தர வேண்டாம்.' அதையே ஒரு சின்ன அட்டையில் எழுதி அத்தையின் பர்ஸில் வைத்துவிடுங்கள். ஊருக்குப் போகும்போது அங்கே வேறு மருத்துவர் பார்த்தாலும் அவர் கையில் அது இருக்கும்.